‘இன்னிக்கு போட் போகுமா?’ – அந்தமானில் தொழில் யோசனை தேடுவோருக்கு

சென்னையில் இருப்பதைத் தீவுக்கும் கொண்டுவந்துவிட்டால் என்ன? போர்ட் பிளேரில் இணையத் தொழில் தொடங்க ஆசைப்படும் இளைஞருக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் இதுதான். அந்தமானுக்கு ஒரு ஸ்விக்கி, அந்தமானுக்கு ஒரு ஓலா, அந்தமானுக்கு ஒரு பிளிங்கிட். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் முழுவதற்கும் சேர்த்து மக்கள் 3,80,581 பேர். அதே கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியில் மட்டும் இதைவிட அதிகம் பேர் இருந்தார்கள். நெல்லைக்காரர்கள் ஒரே ஊருக்குள் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறார்கள். அந்தமான்காரர்களோ வடக்கே லேண்ட்ஃபால் தீவு முதல் தெற்கே இந்திரா முனை வரை 700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடல் நெடுக, சில பத்துத் தீவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். போர்ட் பிளேர் நகராட்சி எல்லைக்குள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுக்கும் தொழில் நெருக்கமான குடியிருப்பை நம்பிப் பிழைப்பது. அந்த நெருக்கம் இங்கே இல்லை. பணம் போட்டால் வந்துவிடும் சங்கதியும் இல்லை.

(2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று மத்திய அரசு பெயர் மாற்றிவிட்டது. பேச்சில் பழைய பெயரே புழங்குவதால் இந்தக் கட்டுரையும் அதையே எடுத்துக்கொள்கிறது. ஹேவ்லாக், 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு. நீல், ஷஹீத் தீவு.)

அப்படியென்றால் தீவில் இணையத் தொழிலுக்கு இடமே இல்லையா? நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த யோசனைகள் சென்னையில் கிடைக்காது, பெங்களூரில் கிடைக்காது. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கிடைக்கும். தீவு மக்கள் எங்கெல்லாம் காத்துக் கிடக்கிறார்களோ அங்கெல்லாம் கிடைக்கும்.

கடலடியில் வந்த கம்பி

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடி ஒளியிழைக் கேபிளைப் பிரதமர் மோடி காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். அடிக்கல் நாட்டியது 2018 டிசம்பர் 30. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். கிராமப்புறத் தொலைத்தொடர்புக்காக அரசு வைத்திருக்கும் நிதியிலிருந்து பணம் வந்தது. வேலையை பிஎஸ்என்எல் முன்னின்று நடத்தியது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் கம்பி, அங்கிருந்து ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று பிரிந்து போகிறது. சென்னை–போர்ட் பிளேர் தடத்தின் திறன் விநாடிக்கு 2 x 200 ஜிகாபிட். அதற்கு முன் தீவுக்கூட்டம் முழுவதும் செயற்கைக்கோள் வழியாக வந்த சில ஜிகாபிட்களைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தது. வீடியோ பார்ப்பதெல்லாம் அன்று ஆடம்பரம்.

கம்பி வந்ததும் 4ஜி வேகம் பிடித்தது. கடைகளில் க்யூஆர் அட்டைகள் தொங்கின. பிள்ளைகள் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினார்கள். தீவுக்குள் வந்துசேர்ந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தீவிலிருந்து வெளியே என்ன போகலாம் என்று பேசியவர்கள் குறைவு.

தீவில் எதைச் செய்தாலும் கப்பல் கூலி சேர்ந்துவிடும். சிமென்ட் மூட்டை, தக்காளி, மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். இங்கே செய்தது வெளியே போகவும் கடல் தாண்ட வேண்டும். கம்பி வழியாகப் போகும் பொருளுக்கு மட்டும் கப்பல் கூலி கிடையாது. கணக்கெழுதுவது, மென்பொருள், மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, வாடிக்கையாளர் சேவை எதுவானாலும் போர்ட் பிளேரில் உட்கார்ந்து செய்தாலும் தாம்பரத்தில் உட்கார்ந்து செய்தாலும் அனுப்பும் செலவு ஒன்றுதான். ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகத்தை வைத்தபோது, மென்பொருள் எழுத ஓஎம்ஆர் சாலை கட்டாயமில்லை என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்துவிட்டது. போர்ட் பிளேருக்கு அது இன்னும் முழுதாக உறைக்கவில்லை என்றே தோன்றுகிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்து வெளியே வந்ததும் மெயின்லேண்டுக்கு டிக்கெட் எடுப்பதே வழக்கமாக இருக்கிறது.

ஆனால் இது எந்த ஊருக்கும் பொருந்தும் யோசனை. தீவுக்கே உரியதற்கு வருவோம்.

யோசனை பிறந்த இடங்கள்

2005 தீபாவளி. பெங்களூரில் வேலை பார்த்த ஃபணீந்திர சாமா ஊருக்குப் போக ஹைதராபாத் பஸ்ஸில் டிக்கெட் தேடுகிறார். ஏஜென்ட் ஏஜென்டாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் ஆயிரக்கணக்கானவர்கள் அன்று ஊருக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். அவர் மட்டும் அதற்குப் பிறகு பஸ் கம்பெனிகளிடமும் ஏஜென்ட்களிடமும் போய், சீட்டு எப்படி விற்கப்படுகிறது என்று விசாரித்தார். பஸ்ஸில் இடம் இருக்கலாம். எந்த பஸ்ஸில் இருக்கிறது என்பது ஒரே இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. பஸ் வாங்க வேண்டிய தேவையே இல்லை, தகவலைச் சேர்த்தால் போதும். 2006இல் நண்பர்களோடு சேர்ந்து ரெட்பஸ் தொடங்கினார். 2013இல் ஐபிபோ குழுமம் அதை வாங்கியது.

முருகவேல் ஜானகிராமன் கதை வேறு மாதிரி. அமெரிக்காவில் இருந்த அவர் 1997இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு தளம் நடத்தினார். நாட்காட்டி, பண்டிகை, சமூகச் செய்தி என்று பலவும் அதில் இருந்தன. ஓரத்தில் வரன் தேடும் பகுதியும் ஒன்று. மற்றதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்த ஓரத்துக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதைக் கவனித்ததில்தான் பாரத் மேட்ரிமோனி பிறந்தது. நாற்காலியில் சாய்ந்து மேற்கூரையைப் பார்த்து யோசித்திருந்தால் அவருக்கும் நாட்காட்டிதான் கிடைத்திருக்கும்.

சென்னை ஃப்ரெஷ்வொர்க்ஸின் கிரீஷ் மாத்ருபூதம், அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது உடைந்து வந்துசேர்ந்த டிவிக்கு இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்ததைச் சொல்லியிருக்கிறார். 2010இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அவர்கள் விற்பதும் புகாரைக் கையாளும் மென்பொருள்தான்.

இந்த மூவரில் யாரும் ‘எந்தத் துறையில் பணம் கொழிக்கிறது’ என்று தேடிப் போகவில்லை. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள், அல்லது பிறர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டார்கள்.

அந்தமானில் மாட்டிக்கொள்ளாத ஆள் உண்டா?

ஜெட்டியில் கிடக்கும் கேள்வி

தீவில் வாழ்கிறவர் அன்றாடம் கேட்கும் கேள்வி, “இன்னிக்கு போட் போகுமா?” கல்யாணத்துக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிற மாணவி, ஹட் பேயில் வேலைபார்க்கும் ஆசிரியர், ஸ்வராஜ் தீவில் ஹோட்டல் வைத்திருப்பவர், ரங்கத்துக்குச் சரக்கு அனுப்பும் மளிகைக் கடைக்காரர் எல்லோருக்கும் அது பொது. இரண்டு பருவமழையும் அடிக்கிற ஊர் இது. காற்றழுத்தம் ஒன்று உருவானால் போக்குவரத்து நிற்கும். எப்போது மீண்டும் ஓடும் என்பது கடல் சொல்ல வேண்டியது.

தீவுகளுக்கிடையே அரசின் கப்பல் சேவைத் துறை போட் விடுகிறது. தீவுவாசி அட்டை வைத்திருப்பவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. கவுன்டர் வரிசை பழைய சங்கதி. இணையத்திலும் இப்போது டிக்கெட் எடுக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு மக்ரூஸ், நாட்டிக்கா போன்ற தனியார் விரைவுப் படகுகள் இருக்கின்றன. ஆக, டிக்கெட் விற்பதில் புதிதாகப் புகுந்து பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ‘ரெட்பஸ் மாதிரி ரெட்போட்’ என்று கிளம்புகிறவர் அரசோடும் தனியார் கம்பெனிகளோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டியது டிக்கெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை. டிக்கெட் கையில் இருக்கிறது, போட் கிளம்புமா? கிளம்பிவிட்டது, எங்கே இருக்கிறது? வர நேரமாகும் என்றால் எவ்வளவு நேரம்? இந்தத் தகவல் இன்று அரசு நாளிதழான ‘தி டெய்லி டெலிகிராம்ஸ்’ அறிவிப்பிலும், ஜெட்டி பலகையிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், ‘கப்பல்ல தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு’ என்ற பழக்கத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2005இல் பெங்களூர் பஸ் சீட்டுகள் கிடந்த அதே நிலை.

இதை ஒரு தீவுக்காரர் முன்பே தீர்த்துக் காட்டியிருக்கிறார் என்பதுதான் சுவாரசியம். கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் சீரோஸ் என்று ஒரு தீவு. அங்கே ஏஜியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த திமித்ரிஸ் லெக்காஸ், கப்பல்களை ஆர்வத்தோடு கவனிப்பவர். பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றும் தன் பெயர், இருக்கும் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் ரேடியோ அலையில் விடாமல் அறிவித்துக்கொண்டே போகும். கடலில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. கரையில் ஆன்டெனாவும் அதைப் படிக்கும் கருவியும் வைத்தால் யாரும் கேட்கலாம். லெக்காஸ் கேட்டார். கேட்டதை 2007இல் வரைபடத்தில் போட்டு இணையத்தில் வைத்தார். ஆர்வலர்கள் ஊர் ஊராக ஆன்டெனா வைத்துச் சேர்ந்துகொண்டார்கள். அதுதான் மரைன்டிராஃபிக். உலகின் கப்பல்களைத் திரையில் காட்டும் பெரிய நிறுவனமாக வளர்ந்த அதை 2023இல் கெப்ளர் என்ற தரவு நிறுவனம் வாங்கியது. தொடங்கியது சிலிக்கான் பள்ளத்தாக்கில் அல்ல. படகுக்குக் காத்திருக்கப் பழகிய ஒரு தீவில்.

நம் ஊர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செயலியைத் தெரியாத ரயில் பயணி குறைவு. பெங்களூரின் சிக்மாய்ட் லேப்ஸ் செய்தது அது; 2018 டிசம்பரில் கூகுள் வாங்கியது. ரயிலுக்குள் இருக்கும் போனுக்கு எந்தச் செல்போன் கோபுரம் தெரிகிறதோ அதை வைத்தே ரயில் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும். இணையமும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமலே வேலை செய்யும். சிக்னல் விட்டு விட்டு வரும் நாடு இது என்பதைக் குறையாக எண்ணாமல், அதையே ஆரம்பப் புள்ளியாக வைத்தார்கள். அந்தமானில் தொழில் செய்ய நினைப்பவருக்கு இதைவிடச் சரியான பாடம் இல்லை. கரையை விட்டால் சிக்னல் போய்விடும் ஊரில், சிக்னல் இல்லாதபோதும் பயன்படுகிற ஒன்றைத்தான் செய்ய வேண்டும். சிக்னல் எட்டிப் பார்க்கும் நொடியில் வந்துவிடும் ஒரு எஸ்எம்எஸ் வரி, பளபளக்கும் செயலியைவிட இங்கே மதிப்புள்ளது.

இதற்குக் காசு கொடுப்பது யார்? சலுகைக் கட்டணத்தில் போகும் தீவுவாசியிடம் மாதச் சந்தா கேட்டால் நடக்காது, கேட்கவும் கூடாது. போட் ரத்தானால் பத்து அறை காலியாகும் ஹோட்டல்காரர் கொடுப்பார். நாற்பது பயணிகளை விமானத்துக்கு ஏற்றிவிட வேண்டிய டிராவல்ஸ்காரர் கொடுப்பார். பயணக் காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கலாம். கடல் நிலவரத்தை ஹைதராபாதின் இன்காய்ஸ் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. வானிலைத் துறையின் எச்சரிக்கையும் இலவசம். இவற்றோடு, கடந்த காலத்தில் எந்த அலை உயரத்தில் எந்தத் தடம் நிறுத்தப்பட்டது என்ற பதிவைச் சேர்த்தால், நாளை போட் போக எவ்வளவு வாய்ப்பு என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்தப் பதிவை இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குகிறவர், பின்னால் வரும் எந்தப் பெரிய கம்பெனியையும்விட முன்னே இருப்பார்.

ஒரு எச்சரிக்கை: அந்தமான் முப்படைகளின் கூட்டுத் தளம் இருக்கும் இடம். 2001 முதல் இங்கே தனிக் கட்டளையகம் இயங்குகிறது. சீரோஸ் பேராசிரியரைப் போல வீட்டுக் கூரையில் ஆன்டெனா நட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அனுமதி முதலில், ஆன்டெனா பிறகு.

மீனும் சரக்கும்

அந்தமானைச் சுற்றியுள்ள பிரத்யேகப் பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவுக்கு உரிய மொத்தக் கடலில் 30 சதவீதத்துக்கு அருகில் வருகிறது. சூரை கொழிக்கும் கடல். பிடிக்கக் கூடியதில் ஒரு சிறு பங்குதான் பிடிபடுகிறது. காரணம் மீனவரின் சோம்பல் இல்லை. ஜங்லிகாட்டில் இறங்கும் மீன் சென்னைக்கு விமானத்தில் போனால்தான் விலை. விமானத்தின் அடிவயிற்றில் எவ்வளவு இடம் என்பது அன்றன்றைக்கு மாறும். ஐஸும் குளிர்பதனக் கிடங்கும் போதாது.

இணையம் ஐஸ் உற்பத்தி செய்யாது. ஆனால் இன்று எவ்வளவு மீன், எந்த விமானத்தில் எவ்வளவு இடம், சென்னையில் யார் எந்த விலைக்கு என்ற மூன்றையும் படகு கரை சேருமுன்பே பொருத்திவைக்க முடியும். 2017இல் சென்னையில் ராஜமனோகர் சோமசுந்தரம் தொடங்கிய அக்வாகனெக்ட், இறால் பண்ணைக்காரர்களிடையே இந்த மாதிரி இடைவெளியில்தான் நுழைந்தது. மீனவர் கையில் கடல் தகவல் செயலியைக் கொடுக்கலாம் என்பதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தன் ‘மீனவ நண்பன்’ செயலியில் முன்பே காட்டிவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது சொற்பம். தீவுக்கு ஏற்பத் தைக்க வேண்டியது அதிகம்.

சரக்குக் கதை இதன் மறுபக்கம். மெயின்லேண்டிலிருந்து நிரம்பி வரும் கப்பல், கொப்பரை, பாக்கு தவிரப் பெரிதாக எதையும் ஏற்றாமல் திரும்புகிறது. வரும்போது இடத்துக்கு அடிதடி, போகும்போது இடம் காலி. சென்னைக் கப்பல் சில நாள் தாமதித்தால் அபர்தீன் பஜாரில் வெங்காய விலை ஏறுவதைத் தீவுக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு முழு கன்டெய்னரை நிரப்ப வழியில்லாத சிறு வியாபாரிகள் நாலைந்து பேரைச் சேர்த்து, ஒரே கன்டெய்னரைப் பங்குபோட வைக்கும் பலகை ஒன்று இருந்தால் போதும். தொடக்கத்தில் அது வாட்ஸ்அப் குழுவாகவே இருக்கலாம். சொல்லப்போனால் அப்படித்தான் இருக்க வேண்டும். செயலிக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு வாடிக்கையாளரைத் தேடுவதைவிட, வாட்ஸ்அப்பில் இருபது வியாபாரிகள் வாரம் தவறாமல் கூடுகிறார்களா என்று பார்ப்பது மலிவு.

சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில்

பெரிய வியாதி என்றால் போர்ட் பிளேர் ஜி.பி.பந்த் மருத்துவமனை, அங்கேயும் முடியாதென்றால் சென்னை. 2000களின் தொடக்கத்திலேயே இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக அந்த மருத்துவமனையைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவோடு இணைத்துத் தொலைமருத்துவம் நடத்தியது. நாட்டின் முதல் சில முயற்சிகளில் அது ஒன்று. இன்று கம்பியும் இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. மருத்துவரைத் திரையில் பார்ப்பது பெரிய காரியமில்லை.

பெரிய காரியம் அதற்குப் பிறகுதான். டிக்லிபூரிலிருந்து, வண்டிகளை அணியாகவே விடும் சாலையில் கான்வாய்க்குக் காத்திருந்து போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து விமானம் ஏறிச் சென்னையில் இறங்கும் குடும்பத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எங்கே தங்குவது, கோப்புகளை யார் வாசித்துச் சொல்வது, வங்காளி பேசும் பாட்டிக்கு யார் மொழிபெயர்ப்பது என்று ஒன்றும் தெரியாது. தீவில் தமிழர்கள் சுமார் 15 சதவீதம்; வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், நிக்கோபாரிகள் எல்லோரும் உண்டு; பொதுமொழி ஒரு மாதிரியான தீவு இந்தி. இந்த மொழிகளெல்லாம் சரளமாகக் கேட்டு வளர்ந்த தீவுப் பிள்ளைகள் சென்னையில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிக்கு ஒரு துணை என்று அவர்களைச் சேர்த்துவிடும் சேவையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். செயலிகூட வேண்டாம், ஒரு போன் நம்பரில் தொடங்கிவிடலாம். இதை நான் மிகவும் நம்புகிறேன். வாடிக்கையாளர் எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. விமானத்தில் ஒவ்வொரு நாளும் வந்து இறங்குகிறார்கள்.

தொடக் கூடாத எல்லை

சுற்றுலாவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, ஸ்கூபா என்று ஒரே பொட்டலத்தை ஐம்பது தளங்கள் விற்கின்றன. ஐம்பத்தொன்றாவதாக வருபவர் விலையைக் குறைத்துத்தான் நிற்க வேண்டும்.

அந்த நெருக்கடியில் சிலருக்குப் புத்தி வேறு பக்கம் போகும். 2012இல் ஜாரவா பழங்குடிப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடவைத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2025 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் தேங்காயும் குளிர்பானக் கேனும் எடுத்துக்கொண்டு, வெளியார் போகக் கூடாத வடக்கு சென்டினல் தீவில் கால் வைத்துக் கைதானார், அவர் யூடியூபர். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் இதற்கெல்லாம் கதவை அடைத்திருக்கிறது. ‘பழங்குடி அனுபவம்’ என்று எந்தத் தொழில் யோசனை வந்தாலும் அதைக் காகிதத்தில் எழுதும் முன்பே கிழித்துப் போடுங்கள்.

நிக்கோபாரிகளோடு தொழில் செய்வது வேறு, அதற்கு வழி இருக்கிறது. அவர்களுடைய தென்னந்தோப்புகள் துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பங்களுக்குச் சொந்தம். நிக்கோபாரித் தேங்காய் எண்ணெய், பாய், ஹோடி எனும் படகு ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இணையத்தில் அந்த எண்ணெயை விற்க நினைப்பவர் ஊர்த் தலைவரிடமும் பழங்குடி மன்றத்திடமும் போய் உட்கார வேண்டும். லாபத்தில் அவர்கள் பங்கு என்ன என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அவர்களே நடத்தினால் இன்னும் நல்லது.

சந்தை சிறிது என்பவர்களுக்கு

‘எல்லாம் சரி, நாலு லட்சம் பேருக்காக யார் முதலீடு செய்வார்?’ நியாயமான கேள்வி. தீவுக்கு மட்டும் செய்தால் யாரும் செய்யமாட்டார். தீவில் செய்து பார்த்ததை மற்ற தீவுகளுக்கு விற்க முடியுமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கொச்சி–லட்சத்தீவு கடலடிக் கேபிள் 2024 ஜனவரியில் வந்துவிட்டது. அங்கேயும் ஜெட்டியில் மக்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மாலத்தீவு இருக்கிறது. பதினேழாயிரம் தீவு கொண்ட இந்தோனேசியா, இந்திரா முனையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் தொடங்குகிறது. கிரேட் நிக்கோபாரிலிருந்து பார்த்தால் சென்னையைவிட சுமத்ரா வெகு பக்கம். ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் நிக்கோபாராகிய மாநக்கவாரமும் கடல் கடந்த கடாரமும் ஒரே மூச்சில் வருவது சும்மா இல்லை. போட் தாமதத்தைச் சரியாகச் சொல்லும் முறையைப் போர்ட் பிளேரில் நிறுவிக் காட்டியவருக்கு இந்தக் கடல் முழுவதும் சந்தை.

கைகொடுக்க ஆள் இல்லாமலும் இல்லை. தீவு நிர்வாகம் 2018இல் தனி ஸ்டார்ட்அப் கொள்கை வெளியிட்டது. அரசின் அனிட்கோ கழகம் அடல் இன்குபேஷன் மையம் ஒன்றைப் போர்ட் பிளேரில் நடத்துகிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதை நிதித் திட்டத்தில், மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டுக்கான மாநிலங்களின் ஸ்டார்ட்அப் தரவரிசையில், சிறிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள் பிரிவில் அந்தமான் முதலிடம் பெற்றது. அந்தப் பட்டத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்தத் தரவரிசை அளப்பது அரசின் ஏற்பாடுகளை. எத்தனை நிறுவனம் பிழைத்து நிற்கிறது என்பதை அல்ல. ஏற்பாடு இருக்கிறது, ஆள் வர வேண்டும்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைபேசியோடு வளர்கிறார்கள். போர்ட் பிளேரில் கடை வைத்த ராமநாதபுரத்துக்காரரின் மகளும் வளர்கிறாள். தாத்தாக்கள் கப்பலுக்குக் காத்திருந்த கதை இவர்களுக்கு மனப்பாடம். வெளியூர் நிபுணருக்குப் பல மாதம் ஆய்வு செய்தாலும் பிடிபடாத விஷயம், இவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. யோசனை தேடி இவர்கள் பெங்களூர் போக வேண்டாம். ஒரு வாரம், கையில் ஒரு நோட்டோடு, ஃபீனிக்ஸ் பேயிலோ ஹாடோவிலோ நிற்கட்டும். யார் எதற்காகக் காத்திருக்கிறார், காத்திருப்பதால் அவருக்கு எவ்வளவு நஷ்டம், அதைக் குறைக்க இப்போது என்ன குறுக்குவழி வைத்திருக்கிறார் என்ற மூன்றையும் எழுதட்டும். குறுக்குவழிக்கு ஏற்கெனவே காசு செலவழிக்கிறவர் எவரோ, அவரே முதல் வாடிக்கையாளர்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. போட் அட்டவணை, ரத்து அறிவிப்பு, காலி இடம், சரக்குக் கப்பல் வருகை ஆகிய தகவல்களைப் படமாகவும் பிடிஎஃப் ஆகவும் ஒட்டிவைக்காமல், கணினி நேரடியாகப் படித்துக்கொள்ளும் வடிவில் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். பாதுகாப்புக்குத் தேவையானதை வடிகட்டிவிட்டு மற்றதைக் கொடுங்கள். 1,224 கோடி செலவழித்துக் கம்பி போட்ட அரசுக்கு இது பெரிய செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.